மிராசுதார் வீட்டுச் சுவரில் உன் அம்மாவின் அரிவாள்

பழைய தேக்கை எண்ணெய் போட்டுத் துடைத்தால் ஒரு வாசனை வரும். கொஞ்சம் கற்பூரம், கொஞ்சம் புழுக்கம், மிச்சமெல்லாம் பணக்காரத்தனம். நேற்று எங்கள் சர்ச்சு மாதர் சங்கத்தோடு வேனில் காரைக்குடிப் பக்கம் போயிருந்தேன். ஒரு பெரிய வீட்டைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்ததும் அந்த வாசனை வந்து முகத்தில் அடித்தது. மற்றவர்களெல்லாம் தூணைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் திரும்பி, "ஏண்டி, இதெல்லாம் தொடைக்க எத்தன பேரு இருந்திருப்பாங்க?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்றது பாஸ்டரம்மா. "என்ன கேட்டீங்க சிஸ்டர்?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வேனில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. என் நாக்குக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

மற்ற நர்ஸுகள் லீவு போட்டால் குலதெய்வம், கல்யாணம், வேளாங்கண்ணி என்று போவார்கள். நாம் இரண்டு பேரும் மியூசியத்துக்குப் போனோம். இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். முதல் தடவை மழைக்கு ஒதுங்கத்தான் ஒரு மியூசியத்துக்குள் நுழைந்தோம் என்று நினைவு. "நல்லாருக்குடி, ஃபேன் ஓடுது, யாரும் முனகல, யாரும் பெட்பேன் கேக்கல" என்றாய். அதற்கப்புறம் வருஷா வருஷம் ஏதாவது ஒரு ஊர். என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்: "வார்டுல செத்தவங்களப் பாக்குறது பத்தலன்னு டிக்கெட் எடுத்து வேற போய்ப் பாக்குறீங்களா?" நீ அவருக்குப் பதில் சொன்னாய்: "அங்க இருக்கவங்க எல்லாம் பெரிய எடத்துச் சாவுங்க சார். எங்க வார்டுக்கு வரமாட்டாங்க."

எங்கே போனாலும் எனக்கு ஏதாவது அகப்பட்டுவிடும். ஒரு பழைய ஆர்மோனியம், ஒரு மிஷன் பள்ளிக்கூட மணி, தோலட்டை போட்ட ஒரு வேதாகமம். "ஏ, எங்க தாத்தா வெச்சிருந்தது மாதிரியே" என்று உன் தோளைத் தட்டுவேன். நீ பார்த்துவிட்டு, "குடுத்து வெச்ச குடும்பம்" என்பாய். பிறகு நீ உன் தேடலை ஆரம்பிப்பாய். உன் அம்மா திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வயல்களில் நட்டு, களை பறித்து, அறுத்தவர். உன் பாட்டன் பண்ணையாள். மன்னர் கட்டிலும் மிராசுதார் ஊஞ்சலும் வைத்திருக்கிற கூடங்களில் அவர்களுடையது ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று நீ பார்ப்பாய். தாராசுரத்தில் தேர்ச்சக்கரத்தையும் குதிரையையும் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நீ பீடத்து ஓரத்துச் சின்னச் சிற்பங்களில் குனிந்து வேலை செய்கிற பொம்பளை எவளாவது இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே போனாய். "ஆடுறவ இருக்கா, அலங்காரம் பண்றவ இருக்கா. நாத்து நடுறவ எங்கடி?" என்று நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன்.

திருவையாற்றுக்கு அந்தண்டை, காவிரிக்கரையில் ஒரு விடுதிக்காரர் மரபுக் கிராமம் கட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோமே, அன்றைக்கு நாம் போகாமல் இருந்திருக்கலாம். அக்கிரகார வீடு இருந்தது. மிராசுதார் வீடு இருந்தது, நெல் குதிரோடு. தறி போட்ட வீடு, சக்கரம் வைத்த குயவர் வீடு. அதற்கப்புறம் நீச்சல் குளம். நீ குளத்து ஓரம் வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மேனேஜரிடம் கேட்டாய்: "எல்லாருக்கும் வீடு கட்டியிருக்கீங்க. இந்தக் குதிருக்குள்ள நெல்லு எப்புடிங்க வந்துச்சு?"

அந்த மேனேஜர் நல்ல பிள்ளை. அதுதான் கொடுமை. கெட்டவனாக இருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருப்பாய். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "கரெக்ட்தான் மேடம். உங்க வீட்டுல பழைய பொருள் ஏதாச்சும் இருந்தா குடுங்களேன், வெச்சிடலாம்" என்றான். அன்றைக்கு பஸ்ஸில் நீ வாய் ஓயவில்லை. எதைக் கொடுக்கலாம், எங்கே வைப்பான், போர்டில் என்ன எழுதுவான். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் உன் முகம் சுருங்கியது. "ஒண்ணும் இல்லியேடி எங்க வீட்டுல" என்றாய்.

எப்படி இருக்கும்? தேய்ந்த அரிவாளைக் கொல்லரிடம் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவார்கள். உடைந்த பானை உடைந்ததோடு போகும். ஆள் செத்தால் பாய், தலையணை, கட்டியிருந்த துணி எல்லாம் ஆளோடு சுடுகாட்டுக்குப் போய்விடும். வைத்துக்கொள்ள இடம் இருக்கிறவர்களுக்குத்தான் பழைய பொருள். மிச்சம் இருந்தது உன் அம்மாவின் கருக்கரிவாள் ஒன்றுதான், பல் வைத்த அறுப்பு அரிவாள். வயலுக்கு மிஷின் இறங்கியதில் அது மட்டும் கொல்லரிடம் போகாமல் கூரையில் செருகிக் கிடந்தது. அதன் மரப்பிடியை நீ எனக்குக் காட்டியிருக்கிறாய். உன் அம்மாவின் விரல்கள் பிடித்துப் பிடித்து அந்த மரமே பள்ளம் விழுந்து, வியர்வையில் கறுத்து, கையில் எடுத்தால் நம் விரலும் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்காரும். "இதத்தான்டி வெக்கணும். எழுதவே வேணாம், புடிச்சுப் பாத்தாலே தெரியும்" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாய். ஞாயிற்றுக்கிழமை நானும் கூட வந்தேன். அம்மா குளித்து, தலை வாரி, நல்ல சேலை கட்டி, அரிவாளை வாழை இலையில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். பளபளவென்று இருந்தது. கொல்லரிடம் கொடுத்துக் கருக்கு வெட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, பழைய பிடியைக் கழற்றி அடுப்பில் வைத்துவிட்டுப் புதுப் பிடி போட்டிருந்தார். "பெரிய மனுசங்க பாக்குற எடம். அழுக்கா குடுத்தா நம்மளத்தான கேவலமா பேசுவாங்க?" என்றார். நீ அரிவாளைப் பார்த்தாய், அடுப்பைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாய். அம்மாவும் பெருமையோடு சிரித்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு நீ தேம்பித் தேம்பி அழுததை அவர் பார்க்கவில்லை.

இருந்தாலும் கொடுத்தாய். அம்மாவின் பேரும் ஊரும் போர்டில் வந்தால் போதும் என்றாய். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோம். மிராசுதார் வீட்டுக் கூடத்தில், குதிருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கீழே அழகான எழுத்தில் ஒரு போர்டு: மிராசுதார் இல்லத்தில் பயன்பட்ட அறுவடைக் கருவி. நீ அதை இரண்டு தரம் படித்தாய். பக்கத்தில் ஒரு குடும்பம் அரிவாளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் முடிக்கும் வரை ஒதுங்கி நின்று வழி விட்டாய்.

மாற்றிவிடுகிறோம் என்றான் அந்த நல்ல பிள்ளை. பிறகு போனால், போர்டு டிசைன் செய்கிறவர் சென்னையில் இருக்கிறார், எல்லாம் ஒரே மாதிரி வர வேண்டும் என்றான். பிறகு போனால் சீசன் முடியட்டும் என்றான். ஒவ்வொரு தடவையும் மோர் கொடுத்து உபசரித்தான். நைட் டூட்டி முடித்து வந்த கண்ணோடு நீ அங்கே போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், "விட்டுத் தொலைடி, ஒரு அருவாளுக்கா இந்த அலைச்சல்?" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "எங்கம்மா அறுத்த நெல்லு எந்த வீட்டுக்குப் போச்சுன்னு எங்களுக்குத் தெரியும். அருவா ஒண்ணுதான் எங்க வீட்டுல நின்னுச்சு. இப்ப அதுவும் அதே வீட்டுக்குப் போயிடுச்சு. நானே கொண்டு போயி குடுத்திருக்கேன்டி" என்றாய்.

அப்புறம் வயிற்றுக் கட்டி. ஸ்கேனை நீயே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, டாக்டர் வருவதற்குள் என்னிடம் சொல்லிவிட்டாய். எத்தனை பேருக்கு நாம் தெம்பு சொல்லியிருப்போம். ஒரு வார்த்தைகூட நமக்கு உதவவில்லை. நம் வார்டிலேயே நீ படுத்திருந்தபோது, நரம்பு கிடைக்காமல் நான் உன் புறங்கையைத் தட்டிக்கொண்டிருந்தேன். "வலிக்குதா?" என்றேன். "அந்தப் போர்ட மாத்திடச் சொல்லுடி. அம்மா பேரு மட்டும் வந்தாப் போதும்" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசியதெல்லாம் மருந்து பேசியது.

உன் பாயும் தலையணையும் உன்னோடு போயின. மிச்சத் துணிமணியை உன் அண்ணன் ஆற்றில் விட்டுவிட்டார், முறைப்படி. காரியத்துக்கு மறுநாள், உன்னுடையது என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தேன். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது.

போர்டுக்காக நான் போனேன். அந்தப் பிள்ளை இப்போதும் அங்கேதான் இருக்கிறான், கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது. உன் பேரைச் சொன்னேன். யோசித்தான். "யாரு மேடம் அவங்க?" என்றான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவன் கையால் எத்தனை தடவை மோர் வாங்கிக் குடித்திருப்பாய். நான் விளக்கிச் சொன்னேன். நர்ஸ், சிவப்புப் பை மாட்டியிருப்பாள், சத்தமாகச் சிரிப்பாள். "நெறைய பேரு வர்றாங்க மேடம்" என்று வருத்தப்பட்டான். நிஜமாகவே வருத்தப்பட்டான். சரி, போர்டு வேண்டாம், அரிவாளையாவது கொடுத்துவிடு என்றேன். "காட்சில ஏறின பொருளு மேடம். ஓனர் குடுக்க மாட்டாரு" என்றான். கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அதே சுவர், அதே போர்டு. நான் ஒன்றும் செய்யவில்லை. என்னால் ஒன்றும் ஆகாது என்று அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டேன். முப்பது வருஷம் கையில் ஊசியோடு நின்ற எனக்கு ஒரு தகரத்தை மாற்றத் துப்பில்லை.

அங்கிருந்து நேரே உன் அம்மாவிடம் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. உன் சாயல் அவரிடம்தான் மிச்சம் இருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"சிஸ்டரம்மா, பேரு போட்டுட்டாங்களா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போட்டுட்டாங்கம்மா" என்று வந்தது.

"என்னன்னு போட்டுருக்கு? படிச்சுக் காட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டு படித்தேன். அவர் பேர், அவர் தகப்பனார் பேர், ஊர்ப் பேர். இந்த ஊர் வயல்களில் நட்டு அறுத்தவருடைய அரிவாள். கொடுத்தவர் அவர் மகள், அரசு மருத்துவமனையில் நர்ஸ். உன் பேரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவர் அதை, நான் படித்துக் களைத்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தார். "எம் மவ பேருமா போட்டுருக்கு?" என்றார். "பெரிய எழுத்துல போட்டிருக்கும்மா" என்றேன். பொய் சொல்ல ஆரம்பித்தால் சின்ன எழுத்தில் ஏன் சொல்ல வேண்டும்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் படித்துக் காட்டச் சொல்கிறார். ஒருநாள் அவசரத்தில் படித்தபோது, "தகப்பன் பேர விட்டுட்டீங்களேம்மா" என்று திருத்தினார். அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அண்ணன் பிள்ளைகள் ஒப்பிக்கின்றன. எந்தச் சுவரிலும் இல்லாத ஒரு போர்டை ஒரு தெருவே படித்துக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்டால் நீ சிரிப்பாயா, என்னைக் கொன்றுபோடுவாயா, தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். வந்தால் போதும்.

போன வாரம் போயிருந்தேன். வழி நெடுக சம்பா கதிர் முற்றிச் சாய்ந்து, அறுப்பு மிஷினுக்குக் காத்துக் கிடக்கிறது. பருவம் தப்பிய மழை பிடித்து அன்றைக்கே மூன்று நாள் ஆகியிருந்தது, இன்னும் விட்டபாடில்லை. வரப்பில் நிற்கிறவர்கள் எல்லாரும் வானத்தைத்தான் பார்க்கிறார்கள். உன் அம்மா ஒரு மஞ்சள் பையில் மாற்றுச் சேலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னய ஒருக்கா அங்க கூட்டிட்டுப் போயிடுங்க சிஸ்டரம்மா. எனக்கு எழுத்து தெரியாது. அவ பேரு எங்க இருக்குன்னு காட்டுனா, தடவிப் பாத்துட்டு வந்துடுவேன்."

"மழ விடட்டும்மா" என்றேன். அவர் தலையாட்டினார். பையைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை.

ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது, மழை விட வேண்டும் என்று. கோயிலில் விளக்குப் போடுகிறார்கள், எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை விசேஷ ஜெபம். நானும் முழங்காலில்தான் நிற்கிறேன், எல்லாரோடும் ஆமென் சொல்கிறேன். உள்ளுக்குள், விட வேண்டாம் கர்த்தாவே, விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.