மூன்று வாய்தாக்கள்

மார்ச் 4
மகளை என்னிடம் தரக் கேட்டு நடக்கும் வழக்கில் நாளை வாய்தா. வக்கீலுக்குப் போன் செய்தேன். "எதுக்கும்மா லீவு போட்டு அலையறீங்க? நான் பாத்துக்கறேன்." மூன்று வாய்தாவுக்கும் இதையேதான் சொன்னார். தங்கமான மனுஷன். தையல் கம்பெனியில் லீவு கேட்டு சூப்பர்வைசரிடம் பல்லிளிக்கும் வேலை மிச்சம்.

மார்ச் 20
தீர்ப்பே வந்துவிட்டதாம்! ஐந்தாம் தேதியே. நான் ஒரு வாய்தாவுக்கும் வராததால் மகள் அவள் அப்பாவிடமே இருக்க வேண்டுமாம். வக்கீலும் போகவில்லை. ஒருநாள்கூட. பாவி, எட்டு வயசுப் பிள்ளைடா அது.

மார்ச் 21
அண்ணன் ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனான். "தீர்ப்பு வந்து முப்பது நாளுக்குள்ள மனு போட்டா நீக்கிடலாம். ஆனா பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டு, கேஸ் கட்டைக் கொடுக்கணும்."

ஏப்ரல் 3
நாளையோடு முப்பது நாள். ஏழாவது தடவையாகப் பழைய வக்கீலின் ஆபீஸ் வாசலில் நின்றேன். "சார் கோர்ட்டுல இருக்கார்" என்றார் குமாஸ்தா. கோர்ட்டிலா? அங்கே போயிருந்தால் எனக்கு ஏன் இந்தக் கதி?

ஏப்ரல் 7
கெடு போய்விட்டது. வக்கீல்களின் ஒழுங்குக் குழுவுக்குப் புகார் எழுதிப் போட்டேன். "வக்கீலை வக்கீலே விசாரிச்சு கிழிச்சுடுவாங்களாக்கும்" என்கிறான் அண்ணன்.

ஜூன் 17
கம்பெனி வாசலில் குமாஸ்தா. "புகாரை வாபஸ் வாங்கிடுங்கம்மா. இன்னைக்கே கட்டு கைக்கு வந்துடும்." தலையாட்டிவிட்டேன். எனக்கு என் பிள்ளை வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 18
வக்கீலம்மா கத்தினார். "கெடு தாண்டினாலும் தகுந்த காரணம் காட்டினா மனுவை எடுத்துப்பாங்க. ஆனா ஏன் வரலைன்னு ஜட்ஜ் கேட்டா என்ன சொல்வீங்க? உங்க மேல தப்பில்லைங்கறதுக்கு அந்த விசாரணையை விட்டா வேற என்ன சாட்சி இருக்கு?" வாபஸ் வாங்கவில்லை. சரிதானா? தெரியவில்லை.

செப்டம்பர் 9
குழுவில் மூன்று பேர். மூத்தவர் என் பழைய வக்கீலைக் கேட்டார்: "வர வேண்டாம்னு சொன்னீங்களா, இல்லையா?" "சொன்னேன்" என்றார்.

அக்டோபர் 15
குழுவின் உத்தரவு வந்தது: இரண்டு வருடம் அவர் கோர்ட் ஏற முடியாது. என் கட்டு வந்துவிட்டது. அவரிடம் கிடந்த மற்றவர்களின் கட்டுகளையும் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பேர் இன்னும் நம்பிக்கொண்டு வீட்டில் இருந்தார்களோ.

நவம்பர் 20
குழுவின் உத்தரவைப் படித்துவிட்டு ஜட்ஜ் பழைய தீர்ப்பை நீக்கினார். வழக்கு மறுபடி நடக்கும். வராந்தாவில் மகளோடு பத்து நிமிடம் தந்தார்கள். உயரமாகிவிட்டாள்.

"அந்த மூணு நாளும் அப்பா என்னையும் கூட்டிட்டு வந்தார். நான் கதவையே பாத்துட்டிருந்தேன்."

"வர வேண்டாம்னு வக்கீல் சொன்னார் கண்ணு."



"வேணாம்னு சொன்னா வராம இருந்துடுவியாம்மா?"