பதிமூணாம் நம்பர் ஸ்பேனர்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நீயும் அம்மாவும் சின்னவளும் சுகமா? உன் முதுகுவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். எழுத்து கோணலா இருந்தா பேனாவைத் திட்டு.

முதலாளி தன் வீட்டு கராஜ்ல ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பிரிச்சுப் போட்டிருக்கார்னு சொன்னேனே, நேத்து அதை ஸ்டாண்டு மேல தூக்கி வச்சு, அடியில படுத்து வேலை பார்த்தேன். அதுல நட்டெல்லாம் இஞ்ச் அளவு, நம்ம ஊர் மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியா பிடிக்காது. நான் பழக்கதோஷத்துல நம்ம ஊர்ல இருந்து கொண்டுவந்த பதிமூணாம் நம்பர் ஸ்பேனரோட படுத்துட்டேன். அது அரை இஞ்ச் நட்டுக்கு ஒரு மயிரிழை பெருசு, வழுக்கிட்டே இருந்துச்சு. என்னையே திட்டிக்கிட்டு, அரை இஞ்ச் ஸ்பேனர் எடுக்க வெளியே வந்தேன். டப்பாவைத் திறக்கிறதுக்குள்ள கார் தொப்புனு உட்கார்ந்துடுச்சு. நான் தலை வச்சிருந்த இடத்துல நாலு விரல்கூட நுழையாது.

கதவுக்கு அடியில இருக்கிற தகடு முழுக்கத் துரு, ஸ்டாண்டு அதைப் பொத்துக்கிட்டு உள்ளே போயிடுச்சு. யாரோ மேல பட்டி பார்த்து, பளபளன்னு பெயிண்ட் அடிச்சிருக்கான். தட்டிப் பார்க்காம அங்கேயே ஸ்டாண்டு கொடுத்தது என் தப்பு. முதலாளி ஓடி வந்து முதல்ல காரைத்தான் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேட்கலை.

அம்மாகிட்ட மூச்சு விடாதே.

சின்னவளோட பழைய பாவாடை இருந்தா அனுப்பு, கை துடைக்க. இங்கேயும் துணி கிடைக்கும்தான். இருந்தாலும் அனுப்பு.

முதலாளி கூப்பிடுறார். காரை மறுபடி தூக்கி வச்சாச்சு, அடியில போகணும். இந்தத் தடவை மூணு தரம் தட்டிப் பார்த்தேன். அரை இஞ்ச் ஸ்பேனரைக் கையில எடுத்துட்டேன். பதிமூணாம் நம்பர் சட்டைப் பையில இருக்கு.

அவசரமா,
உன் வீட்டுக்காரன்