நேரா பிடி, மச்சான்

மச்சான்,

இன்று காலை கடலூரில் ஒரு காயலான் கடையில் நின்று, பழைய சீட் பெல்ட் ஒன்றை மூக்கருகே வைத்து முகர்ந்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா பெரியவரே, மல்லிப்பூவா அது?" என்றார். சேற்று வாடை அடித்தது. வெள்ளத்தில் முழுகிய வண்டியின் பெல்ட். கீழே போட்டேன்.

முகரச் சொன்னவன் நீ. பட்டையை அலசிக் காயவைத்துவிடுவார்கள், உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்துக் கிடக்கும் என்பாய். அந்த வாடை வந்ததும் நீயும் வந்துவிட்டாய், சிதம்பரத்து உன் கடை வாசலில் லுங்கியை மடித்துக் கட்டியபடி.

உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. நம் வாய்ச்சண்டை வழக்கை முடிக்காமல் போய்ச் சேர்ந்தவன் நீ.

ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆடு குறுக்கே வந்ததே, அதில் தொடங்கியது எல்லாம். நான் பிரேக் போட்டேன். இடது பக்கத்து பெல்ட் பிடிக்கவில்லை. என் மனைவி முன்னால் போய் நெற்றியை இடித்துக்கொண்டாள். லேசான வீக்கம்தான். ஆனால் மறுநாளிலிருந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். "டிரைவர், கடைத்தெரு வழியா போங்க" என்று கிண்டல் வேறு. நான் வாடகைக்கு ஓட்டுவதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் ரோட்டைத் திட்ட வேண்டும், பக்கத்தில் இருந்து அவள் என்னைத் திட்ட வேண்டும். எனக்கு வண்டி அப்படித்தான் ஓடும். அவளை முன்சீட்டுக்குக் கொண்டுவராமல் விடுவதில்லை என்றுதான் உன் கடைக்கு வந்தேன்.

என் வண்டியின் ரகத்திலேயே இரண்டு இடது பெல்ட்டுகளை எடுத்துப் போட்டாய். இரண்டையும் கையில் தூக்கி இழுத்தேன். ஒன்று வெண்ணெய் மாதிரி ஓடியது. மற்றது நாலு விரல் வந்து நின்றுவிட்டது.

"இது ஜாமாயிடுச்சு" என்றேன்.

"நேரா பிடி, மச்சான். கார்ல எப்படி நிக்குதோ அப்படிப் பிடி. சாஞ்சா அது பூட்டிக்கும். பூட்டிக்கத்தானே அதை வச்சிருக்கான்?"

"யாருக்குச் சொல்லிக்குடுக்கிற? என் வண்டிய நானே கழட்டி நானே மாட்டுறவன் நான்."

"கழட்டுறது சரி. மாட்டுனப்புறம் நட்டு மிஞ்சுதே, அது யார் வண்டிது?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே வெண்ணெய் பெல்ட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். நீ தடுக்கவில்லை. "உன் இஷ்டம். புடிவாதம் ஜாஸ்தி உனக்கு" என்றாய்.

மாட்டினேன். அவள் வந்தாள், வெடுக்கென்று ஓர் இழுப்பு. பெல்ட் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

இரண்டு நாள் உனக்கு நான் போன் செய்யவில்லை. மூன்றாம் நாள் நீயே பைக்கில் வந்தாய். ஒரு பையில் பரங்கிப்பேட்டை இறால், இன்னொன்றில் நான் ஒதுக்கிய பெல்ட். "எதை முகரணும்னு பாத்து முகரு" என்றாய். முழுக்க இழுத்து, ஓரம் பிரிந்திருக்கிறதா என்று வெயிலில் பார்த்தாய். அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியதல்ல என்றாய். கொக்கி விழும் பூட்டையும் அதே வண்டியிலிருந்து கொண்டுவந்திருந்தாய். வேறு வண்டிப் பூட்டு கிளிக் என்று சத்தம் போடும், நேரத்துக்குப் பிடிக்காது என்றாய். நீ மாட்டி முடித்ததும் அவள் வெளியே வந்து வெடுக்கென்று இழுத்தாள். நின்றது. மறுபடி இழுத்தாள். நின்றது.

"யாருண்ணே பாத்து எடுத்தது?"

"உன் வூட்டுக்காரருதான் தங்கச்சி. நான் மாட்டத்தான் வந்தேன்."

அவள் முன்சீட்டில் ஏறினாள். பிச்சாவரம் வரை போய்வந்தோம், நீ பின்சீட்டில். இறாலுக்குத் தேங்காய் அரைத்து ஊற்ற வேண்டும் என்று நீ, கூடாது என்று நான், வழியெல்லாம் சண்டை. அவள் உன் பக்கம்.

பிறகு நீ போகும் வரை அந்தப் பொய்யை நான் திருத்தவே இல்லை. நீயும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. ஒரு முறையாவது குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன்.

இன்று வாங்கப் போனது என் பக்கத்து, டிரைவர் சீட் பெல்ட். பட்டை ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. வாடையில்லாத ஒன்றைக் கடைக்காரர் இழுத்தார். நின்றுவிட்டது. "ஜாம் போல, வேற பாருங்க" என்றார்.

"நேரா பிடிங்க" என்றேன்.

பிடித்தார். ஓடியது. வெடுக்கென்று இழுத்தார். நின்றது. "எங்க கத்துக்கிட்டீங்க?"

எல்லாம் நானே கற்றது என்றுதான் யாருக்கும் சொல்வேன். இன்று வாய் வேறு சொன்னது. "சிதம்பரத்துல ஒரு பாய்கிட்ட."

சொன்ன வாய் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து பெல்ட்டை மாட்டி, ஓட்டிப் பார்க்க அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியில் அவளிடமும் சொல்லிவிட்டேன், அன்றைக்குப் பெல்ட்டைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை என்று.

அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க எடுத்ததுன்னா நான் முன்னாடி ஏறியிருப்பேனா?"

வண்டியை ஓரங்கட்டிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், உன்னை நினைத்துத்தான். எதைக் கையில் எடுத்தாலும் உன் குரல் கேட்டுத்தான் இப்போது நேராகப் பிடிக்கிறேன், மச்சான். வழக்கில் நீ ஜெயித்துவிட்டாய். பெல்ட் விஷயத்தில் மட்டும். இறாலுக்குத் தேங்காய் அரைத்து ஊற்றக் கூடாது.