மாதேஷ், நாங்கள் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டோம்

என் ஆசை மாப்பிள்ளை மாதேஷுக்கு,

நீ போய் இரண்டு கோடை முடிந்துவிட்டது. உனக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஊரே படித்தாலும் பரவாயில்லை.

அதியமான்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் நாம் ஏசி மாட்டிக்கொண்டிருந்தோம். மொட்டை மாடியில் செம்புக் குழாயை வளைத்துக்கொண்டிருந்தவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். “வலது பக்கம் குத்துதுடா மச்சான்” என்றாய். நான் என்ன சொன்னேன்? “மாத்திரை போட்டுக்க மாப்ளே. முகூர்த்தத்துக்குள்ள முடிச்சிக் குடுக்கணும்ல.” நீ மறுபேச்சுப் பேசாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாய். இன்னும் இரண்டு நாள் அந்த வலியோடு ஏணி ஏறி இறங்கினாய்.

நீ சுருண்டு விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, “இன்சூரன்ஸ் இருக்குங்களா?” நானும் என் தங்கை சுமதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமான நாளிலிருந்து உனக்குப் பக்கத்தில் நின்ற பெண், அன்றைக்குப் பதில் தெரியாமல் நின்றாள்.

எட்டு நாள் போராடினாய். முதல் நாளே நான் உன்னை வண்டியில் ஏற்றியிருந்தால்? இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீ இருந்தால் “விடுடா” என்று சொல்லியிருப்பாய். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். சுமதி நேராக வந்து கேட்டாள். “ஏண்ணா, அவுரு ஏன் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவல?”

“சீசன்மா. நாம படுத்தா கஸ்டமர் வேற ஆளக் கூப்புட்டுக்குவான். செலவு எவ்ளோ இழுக்குமோங்கிற பயம் வேற.”

“அந்தப் பயம் உனக்கு இல்லியா? நாளைக்கு நீ படுத்தா அண்ணி யாரைப் போயி கேக்கும்?”

அவள் கேட்டது நியாயம்தான். கம்பெனியில் வேலை செய்கிறவனுக்குக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். சொந்தமாகத் தொழில் செய்கிற நமக்கு முதலாளியும் நாமே, தொழிலாளியும் நாமே. படுத்தால் யார் பார்ப்பார்கள்?

நம் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில், யார் யாரிடம் மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று கேட்டேன். ஏசிக்கு அடைக்கும் கேஸ் சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் பத்துப் பதில் வரும் குழு அது. அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் கடை மாடியில் எல்லோரையும் கூட்டினேன். சுமதியும் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வந்தாள்.

அவள் அதற்குள் நாலு இடம் அலைந்து விசாரித்து வைத்திருந்தாள். வருமானம் குறைவாக இருப்பவர்கள் ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொடுத்து அரசுக் காப்பீட்டு அட்டை வாங்கலாம் என்றாள். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அது கிடைக்கும் என்றே தெரியவில்லை! தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்தால் சில உதவிகள் உண்டு, ஆனால் ஆஸ்பத்திரி பில்லுக்கு அதையே நம்பியிருக்க முடியாது. விபத்துப் பாலிசி ஏணியிலிருந்து விழுந்தால் உதவும், காய்ச்சலில் படுத்தால் உதவாது. வருமானம் கூடுதலென்று அரசு அட்டை கிடைக்காதவர்கள் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரு மருத்துவப் பாலிசி எடுப்பதுதான் வழி என்றாள்.

கடத்தூர் முனியப்பன் அண்ணனை உனக்கு நினைவிருக்கும். பிரிட்ஜ் வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அவர்தான் சிரித்தார். “எனக்கு சுகரு, பிரஷரு ரெண்டும் இருக்குது. என்னைய எவன் சேத்துக்குவான் தாயி?”

நான் வரச்சொல்லியிருந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் சட்டென்று, “அதையெல்லாம் பாரத்துல எழுதாதீங்க. எதுவுமில்லன்னு போட்டுருங்க” என்றார்.

சுமதி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்தாள். “இருக்கிறத இருக்குதுன்னே எழுதுங்கண்ணா. அந்த நோவுக்கு ரெண்டு மூணு வருசம் காத்திருக்கச் சொல்லுவாங்க, பிரீமியமும் கூடத்தான் வரும். மறைச்சு எழுதி, படுத்த பிற்பாடு குடுக்க மாட்டோம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? இல்லாம நின்னவ நானு. நீங்க அப்படி நிக்காதீங்க.”

முனியப்பன் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உள்ளதை உள்ளபடி எழுதினார். ஏஜென்ட்டுக்கு முகம் சிறுத்துப்போனது. நாங்கள் வேறு ஆளைப் பிடித்துப் பாலிசி எடுத்தோம், முனியப்பன் அண்ணனும்தான்.

இப்போது இந்தக் கோடைக்கு வருகிறேன். நானும் முனியப்பன் அண்ணனும் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். திறப்பு விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஏணிமேல் நின்ற அவர் கை நடுங்குவதைப் பார்த்துத் தொட்டேன், அனலாகக் கொதித்தது. “ரெண்டு நாளா இருக்குது தம்பி. மாத்திரை போட்டிருக்கேன். இதை முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்” என்றார்.

அதே வார்த்தை, மாதேஷ். “எறங்குங்கண்ணா” என்று கத்திவிட்டேன். கடைக்காரர் ஓடிவந்து, “அப்ப என் வேலை?” என்றார். “வேற ஆளை அனுப்பறேங்க. அனுப்ப முடியலன்னா உங்க வேலையே எனக்கு வேணாங்க” என்று சொல்லிவிட்டு அண்ணனை வண்டியில் ஏற்றினேன்.

டெங்கு. தட்டணுக்கள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வரவேற்பில் அதே கேள்வியைக் கேட்டார்கள். இந்தத் தடவை நான் அண்ணனுடைய காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டினேன்.

அதோடு முடியவில்லை. பழைய நோய் ஏதாவது மறைக்கப்பட்டதா என்று காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து விசாரணை வந்தது. மதியம்வரை பில்லுக்கு அனுமதி வரவில்லை. அண்ணன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேதி கேட்டு வந்திருந்த சுமதி என் போனை வாங்கி, “பாரத்தோட ரெண்டாம் பக்கத்தைப் பாருங்க சார். சுகரு, பிரஷரு ரெண்டையும் அவுரு கையாலயே எழுதியிருக்காரு. இது டெங்குங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்றாள். சாயங்காலம் அனுமதி வந்தது.

ஆறாம் நாள் அண்ணன் வீட்டுக்கு நடந்தே போனார். ஜவுளிக் கடை வேலையை நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து முடித்துக் கொடுத்தார்கள். யாரும் கஸ்டமரைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. சேர்ந்து தொழில் செய்த பதினாறு வருஷமும் நாம் பயந்தது எதற்காக, சொல்லு?

இப்போது யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் அவர் வேலையை மற்றவர்கள் முடித்துக் கொடுப்பது என்று பேசிவைத்திருக்கிறோம். பெயின்டர்கள், பிளம்பர்களெல்லாம் பாரத்தைத் தூக்கிக்கொண்டு சுமதியைத் தேடி வருகிறார்கள். போன வாரம் சித்தேரி மலையிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் பஸ் பிடித்து வந்தார். உன் பெண் யாழினி, “அம்மா, நீ பாதி ஏஜென்ட் ஆயிட்ட” என்று கேலி செய்கிறாள். சுமதி சிரிக்கிறாள். ஆமாம், சிரிக்கிறாள்.

உனக்கு நான் கொடுக்க வேண்டிய வாக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்கிற நான், இந்த ஒரு வருஷமாகத் தலைசுற்றலை யாரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருந்தேன். சுமதி நேற்றுக் கண்டுபிடித்துவிட்டாள். நாளைக் காலை வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம். உன் வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள், நான் பின்னால் உட்கார்ந்து போகிறேன். என்ன வந்தாலும் மறைக்க மாட்டேன். யாழினி கல்யாணத்தில் மாமன் முறை செய்ய நான் இருப்பேன், மாதேஷ்.

உன் மச்சான்,
கோவிந்தராஜ்