முயல்களுக்கு நான் செய்த குளிரறை

என் மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு பரவாயில்லை, மனசு சரியில்லாததால்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை உன் நம்பரை எடுத்துப் பார்த்தேன், கூப்பிடாமலே வைத்துவிட்டேன். என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுமையாகப் படி.

வெயில் இன்னும் தணியவில்லை. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் மதியம் கை வைக்க முடியவில்லை. எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, இந்தப் பக்கத்து ஃப்ரிட்ஜ் எல்லாம் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே மாதத்தில் படுத்துவிட்டன. அம்மாவின் தையல் கூடத்துக்குத் தகரக் கூரை, இரண்டு பேர் மயங்கி விழுந்த பிறகுதான் இன்னொரு ஃபேன் மாட்டினார்கள். அம்மா இளைத்துவிட்டாள். கேட்டால் வெயில் என்கிறாள். வெயில் இல்லை, நீ அவளோடு பேசி இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது.

நம் முயல் மேனேஜர் செத்துப்போன செய்தியைச் சொன்னபோது, நான்தான் அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போகல என்று அம்மா உன்னிடம் சொன்னாள். அது பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி என்னுடையது, அதை நானே எழுதிவிடுகிறேன். வெயில் காலத்தில் முயல்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நீ எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாளை அவள் ஒரு நாள் விடாமல் கடைப்பிடித்தாள். உறைந்த தண்ணீர் பாட்டிலில் துணி சுற்றிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். மதிய இடைவேளையில் அந்த வெயிலில் நடந்து வந்து பாட்டிலை மாற்றி, மேனேஜர், சில்லறை இரண்டின் காதுகளையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பாதி நாள் தான் சாப்பிடாமலே திரும்ப ஓடுவாள். முயலுக்கு வேர்க்காதுங்க, சூடு காது வழியாத்தான் போகும் என்று எனக்கே பாடம் எடுத்தாள். காற்றோடுகிற வாசல் நடையிலிருந்து கூண்டை நகர்த்தக் கூடாது என்று நீ அடிக்கோடு வேறு போட்டிருந்தாய். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். முப்பது வருடமாகக் குளிரை வைத்தே சோறு தின்கிறவன், எனக்கு ஒரு தாள் வந்து சொல்லித் தருவதா என்கிற திமிர்.

அன்று காலை கூண்டைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் வைத்தேன். பக்கத்திலேயே ஒரு அண்டாவில் இரண்டு பெரிய ஐஸ் கட்டிகளைப் போட்டு, அதன் பின்னால் டேபிள் ஃபேனை ஓடவிட்டேன். கதவைச் சாத்தி, ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போடும் ரப்பர் பட்டையை வெட்டிக் கீழ் இடுக்கை அடைத்தேன். குளிர் கசியக் கூடாது என்பது தொழில் புத்தி, கை தானாகவே இடுக்கைத் தேடிப் போகும். பத்து நிமிடத்தில் உள்ளே சில்லென்று ஆகிவிட்டது, எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம், இன்னைக்கு நீ வெயில்ல அலையாதே, வந்தாலும் கதவைத் திறக்காதே, குளிர் போயிடும் என்றேன். கரண்டு போச்சுன்னா என்னங்க பண்றது என்று அவள் கேட்டாள். அதெல்லாம் போகாது, நீ கிளம்பு என்று அனுப்பினேன். கரண்டு இல்லாத மூடின பெட்டிக்குள் என்ன ஆகும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவன் நான்.

பதினோரு மணிக்குப் போன கரண்டு மூன்றரை மணிக்குத்தான் வந்திருக்கிறது. நான் ஒரு மருந்துக் கடையின் ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன், அந்தத் தெருவில் கரண்டு இருந்ததால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான்கு மணிக்கு வந்து கதவைத் திறந்ததும் புழுக்கம் முகத்தில் அடித்தது. ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. சில்லறை அண்டாப் பக்கத்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மேனேஜர் ஒருக்களித்து விழுந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அப்போது உயிர் இருந்தது, மகளே. ஐஸ் தண்ணீரில் முக்கவே கூடாது, காதை மட்டும் நனைக்க வேண்டும் என்று உன் தாளில் இருக்கிறது. பதற்றத்தில் நான் ஃப்ரிட்ஜில் இருந்த தண்ணீரை எல்லாம் வாளியில் கொட்டி, மேனேஜரைக் கழுத்து வரை முக்கினேன். என் கையிலேயே இரண்டு முறை உதறியது, அதோடு முடிந்தது. வேலை முடிந்து வந்த அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி, துண்டை எடுத்து வெகு நேரம் துவட்டிக்கொண்டே இருந்தாள். செத்ததை எதற்குத் துவட்டுகிறாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் அவள் உன்னிடம் பேசும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரே ஒரு வேலை, அதுகூட உன்னால முடியலையாம்மா என்று நீ கேட்டுவிட்டு வைத்தது எனக்கும் கேட்டது. பழியை ஏன் உன்மேல் போட்டுக்கொண்டாய் என்று நான் அம்மாவிடம் கேட்டதற்கு, நீங்களும் அவளும் பேச ஆரம்பிச்சே ஆறு மாசம்தான் ஆகுது, அது கெட வேண்டாம், என்கிட்ட அவளால எத்தனை நாள் கோவமா இருக்க முடியும் என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. என் பேச்சை மீறி வேலைக்குப் போகிறாய் என்று, நீ கிளம்பின அன்று நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் நீ என்னோடு பேசவில்லை. மேனேஜர் சாப்பிட்டாரா என்று நீ கேட்கப் போய்த்தான் நமக்குள் பேச்சே வந்தது. முயலைச் சாக்காக வைத்துத்தான் நாம் அப்பாவும் மகளுமாக இருந்தோம். அதை இழக்கப் பயந்துகொண்டு அவள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தேன். அதற்குப் பிறகும் நீ என் நம்பருக்கு இரண்டு முறை கூப்பிட்டுச் சில்லறையை விசாரித்தாய். அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு முறையும் அவள் குழாயை நிறுத்திவிட்டு, பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சில்லறை தேறிவிட்டது, ஆனால் தீனி பாதியாகிவிட்டது. கூண்டு பழையபடி நடையில்தான் இருக்கிறது. அம்மா இப்போதும் தினமும் மதியம் நடந்து வருகிறாள்.

நீ எடுத்த வேலையில் உயர்ந்து, நல்ல மனிதர்கள் நடுவில் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடி. இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை அவள் வீட்டில் இருப்பாள், அந்த நேரத்தில் அவள் நம்பருக்குக் கூப்பிடு, மறந்துவிடாதே. என்மேல் உள்ள கோபத்துக்கு இன்னும் இரண்டு வருடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், எனக்கு அது பழக்கம்தான். அவளுக்குப் பழக்கமில்லை.

இப்படிக்கு,
அன்று போனைக் கையில் வாங்காத
உன் அப்பா