சிடாம் கிரிக்குப் பஸ் இல்லை

செவ்வாய்க்கிழமை

நான் வரைந்து கொடுத்த சிடாம் கிரி பஸ் தடத்தை இன்று நகராண்மைக் கழகக் கூட்டத்தில் கைவிட்டுவிட்டார்கள். "ஏற ஆளில்லை" என்று தலைவர் முடித்துவிட்டார். அதற்குப் பதில் பட்டணத்துக்குள் சைக்கிள் பாதை வருமாம்.

கூட்டத்தைக் கேட்க வந்திருந்த சரோஜா அக்கா எழுந்தார். சிடாம் கிரி எஸ்டேட்டில் இருப்பவர். "பஸ்ஸே விடலன்னா எதுல ஏறுறது லா?" தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

திரும்பிப் போக வழியில்லாமல் வாசலில் நின்றவரை என் காரில் கூட்டிப் போனேன். அவர் கணவருக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸாம். எஸ்டேட்டுக்குள் டாக்சி வராது. அக்காதான் கணவரைத் துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டி, பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கூட்டிப் போவாராம். போன வாரம் பாதி வழியில் கணவர் மயங்கிச் சரிந்துவிட்டாராம்.

"அதுலேருந்து வர மாட்டேங்கிறாரு தம்பி. நாளைக்கு நீ கொண்டுபோய் விடுறியா? கார்னா வருவாரு."

"காலையில மீட்டிங் இருக்குக்கா."

சைக்கிள் பாதைக் கூட்டம்தான். அதை நான் சொல்லவில்லை.

"பரவால்லப்பா," என்று இறங்கி, கார்க் கதவை மெதுவாகச் சாத்தினார்.

தூக்கம் வரவில்லை. லீவு போட்டு நாளைக்கு நான் போய் நின்றாலும், வெள்ளிக்கிழமை அவரை யார் கூட்டிப் போவது?