என் ரத்தம் சொல்லப்போகிற பொய்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் பனி. கொடியில் காய்ந்த துணியெல்லாம் அனல் மின் நிலையத்துச் சாம்பல் பொடி. மறுபடி அலசினேன். மீன் வாங்கப் போகவில்லை. முட்டைக் குழம்பு.

பத்து மணிக்கு போலீஸ் ஜீப். தெருவே வெளியே வந்து நின்றது. புது எஸ்.ஐ., பொம்பளை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாபு விஷயம்.

என் மகன் பாபு வேலைக்குப் போய்த் திரும்பாமல் ஒன்பது வருஷம். அவன் கணக்கு எழுதின கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால் குப்பை மேட்டைத் தோண்டி எலும்பு எடுத்தது நாலு வருஷம் முன்னே. அது இத்தனை நாளாக ஒரு டப்பாவில் இருந்ததாம்.

"டெஸ்ட் பண்ற மருந்துக்குப் பணமில்ல பாட்டி, ஆளும் இல்ல. வரிசையிலேயே கெடந்துச்சு. இப்பதான் பழைய கேசுக்குன்னு கவர்மெண்ட்டு பணம் ஒதுக்கியிருக்கு. எங்க ஸ்டேஷனுக்கு மூணே மூணு. அதுல உங்களுதும் ஒண்ணு."

பெத்த தாயின் ரத்தம் வேண்டுமாம். எலும்போடு ஒத்துப்போனால் அது பாபு. யார்டு சூப்பர்வைசர் மாணிக்கத்தை அன்றைக்கே தூக்கலாம். அவன் டீசல் திருடினதை முதலாளியிடம் சொல்வேன் என்று பாபு அவனோடு சண்டை போட்டதற்குச் சாட்சி இருக்கிறது. செத்தது யார் என்பதுதான் நிரூபணம் ஆகவில்லை.

ஒத்துப்போகாவிட்டால்?

"அடையாளம் தெரியாத பொணம்னு ஃபைலை மூடிடுவாங்க. மறுபடி பணம் எப்ப வரும்னு எனக்கே தெரியாது. பெத்த அம்மா நீங்கதானே?"

என் மகள் கலா முந்திக்கொண்டாள். "இன்னா மேடம் இப்டி கேக்குறீங்க? அண்ணனும் நானும் எங்கம்மா பெத்ததுதான்."

டீ டம்ளர் கை நழுவிக் கீழே. சர்க்கரை ஏறிவிட்டது என்று கலா மாத்திரை கொடுத்தாள். போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 5, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. முட்டிவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

கலாவின் மகள், என் பேத்தி நித்யா காலேஜுக்குக் கிளம்பும்போது செல்போனைக் காட்டினாள். "ஆயா, நியூஸ்ல போட்டுகீறாங்க பாரு. ரத்தம் பொய்யே சொல்லாதாம்."

சொல்லாது. அதுதான் பயம்.

இந்த நோட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது, யாரும் தொட மாட்டார்கள். எழுதிவிடுகிறேன். பாபுவை நான் பெறவில்லை. பெற்றது ச. என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. அவள் முழுப் பெயரை எழுத எனக்குக் கை வராது.

கல்யாணமாகி ஏழு வருஷம் எனக்கு வயிறு திறக்கவில்லை. அவளுக்கு மூன்றாவதும் ஆண். பதினோராம் நாள் மாமியார் துணியோடு தூக்கி வந்து என் மடியில் போட்டாள். "இனி இது தனத்தோட புள்ள." அம்மன் சந்நிதியில் இரண்டு ஜோடியும் சூடம் அணைத்துச் சத்தியம், யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று. ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் தாய் என்ற இடத்தில் என் பெயர். இரண்டு வருஷம் கழித்து கலா பிறந்தாள். அவளுக்கே தெரியாது. தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது நானும் ச.வும்.

அவளை நான் மன்னிக்காதவை:
- பாபுவுக்கு இரண்டு வயசில், எனக்குத் தெரியாமல் மாடிப்படியில் உட்கார்த்தி ஊட்டினாள். ரசம் சோறு, அப்பளம்.
- கலா சடங்குக்கு வெறும் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். பச்சைப் புடவை.
- பாபு காணாமல் போன பதினாறாம் நாள், வெள்ளிக்கிழமை, தெருவில் நாலு பேர் நடுவில்: "ஒன் வயித்துல பொறந்திருந்தா தேடியிருப்ப." கேட்டவர்கள் ஏதோ ஆத்திரம் என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும்தான் அர்த்தம் தெரியும்.

அன்றோடு பேச்சு இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

கா. 9. ஸ்டேஷன் பெஞ்சு. பக்கத்தில் புளியந்தோப்பிலிருந்து கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள், என்னைவிடச் சின்னவள், தலை முழுக்க நரை. மடியில் மனு. அவள் மகளைக் கெடுத்துக் கொன்று ஆறு வருஷம்.

"அவ துணிய கவர்ல போட்டு சீல் வச்சாங்கோ. இன்னும் அப்டியேதான் கீதாம். இந்த லிஸ்ட்டுலயும் பேரு வர்ல. ஒனக்கு வந்துச்சாக்கா?"

"வந்துச்சி."

"குட்து வச்சவ நீ."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு பெரியாஸ்பத்திரி. ஃபாரத்தில் என் போட்டோ ஒட்டினார்கள். நர்ஸ் கேட்டாள், "என்ன உறவு?" அம்மா என்றேன். அம்மா என்றே எழுதினாள். மூன்றாம் வகுப்புக் கையெழுத்தைப் போட்டேன். சுருக்கென்று ஊசி. பஞ்சு. கலா இளநீர் வாங்கிக் கொடுத்தாள்.

பெட்டி திங்கட்கிழமை லேபுக்குப் போகுமாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

மார்க்கெட். சங்கரா விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் பைக் சத்தம். மாணிக்கம். தலைக்கு மை அடித்திருக்கிறான். ஒன்பது வருஷமாகப் பார்த்தால் ஒரு தலையாட்டு, அவ்வளவுதான். இன்றைக்கு வண்டியை நிறுத்தினான்.

"இன்னா ஆயா, ரத்தம்லாம் குட்தியாமே. ஒடம்புல இருக்குதா மொதல்ல?"

மீன்காரி சிரித்தாள், விஷயம் தெரியாமல்.

"வயசான காலத்துல எதுக்கு இந்த பேஜாரு? பாபு பம்பாய்ல எங்கியாச்சும் சொகமா கீறான்னு நென்ச்சிகினு தூங்கு." ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே, "பேத்தி காலேஜுக்கு பஸ்லதானே போவுது? கூட்டமாச்சே. சாக்கிரதையா போவச் சொல்லு."

போய்விட்டான். மீன் வாங்கினேனா? பையில் இருந்தது. காசு கொடுத்த ஞாபகம் இல்லை.

நித்யா வருகிற வரைக்கும் வாசலிலேயே நின்றேன். ஐந்து இருபதுக்கு வந்தாள். "இன்னா ஆயா, போலீஸ் மாதிரி நிக்கிற" என்றாள். அறைந்திருப்பேன். கட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 8, சனி

வெயில். உளுந்து ஊறப்போட்டு அரைக்க மறந்து புளித்துவிட்டது. கலா திட்டினாள்.

இன்றைக்கு எனக்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். நர்ஸ் உறவு கேட்டபோது சத்தியத்துக்குப் பயந்து அம்மா என்றேன் என்றுதான் இரண்டு நாளாக மனசைச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். இல்லை. என் ரத்தத்தை எந்த எலும்போடு வைத்தாலும் இவன் உன் பிள்ளை இல்லை என்றுதான் வரும். அது தெரியும் எனக்கு. தெரிந்துதான் கையை நீட்டினேன். இல்லை என்று வந்தால் பாபு சாகவில்லை. அவனுக்குத் தட்டு எடுத்து வைக்கலாம், பொங்கலுக்குச் சட்டை எடுக்கலாம். மாணிக்கமும் நித்யாவை விட்டுவிடுவான்.

நல்ல யோசனை. மாணிக்கமும் இதையேதான் நினைக்கிறான். தூ.

அந்தப் புளியந்தோப்புக்காரிக்குப் போயிருக்க வேண்டிய முறையை என் பொய்க்கு எடுத்துக்கொண்டேன். ஊர்ப் பணம். அது ஒரு தடவைதான் வந்திருக்கிறது.

சூடம் அணைத்த உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன், பைத்தியம் மாதிரி. வெங்காய வாசனை.

பிப்ரவரி 9, ஞாயிறு

டாக்டர் வீட்டுக்கு என்று பொய் சொல்லிவிட்டு எம்.கே.பி. நகர். பஸ் மாறிப் போனேன். யாரோ பின்னால் வருவதுபோலவே. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மூன்றாம் மாடி. முட்டி செத்துவிட்டது. ச. கதவைத் திறந்தாள். பல் நாலு போயிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

"ஒம்பது வருசம் கழிச்சி வழி தெரிஞ்சிச்சாக்கா?"

"ரத்தம் வேணும்."

"யாருக்கு? ஒனக்கு ஆப்ரேசனா?"

"பாபுக்கு."

கதவைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். எலும்பு, லேபு, திங்கட்கிழமைப் பெட்டி, என் பொய், மாணிக்கம் நித்யாவைச் சொன்னது, எல்லாம் சொன்னேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"நீதான் எங்கியோ வாய வுட்டுட்ட, சத்தியம் பலிச்சிடுச்சின்னு இத்தினி நாளா நென்ச்சிகினு இருந்தேன்" என்றேன்.

"நானா? என் எதுருல ஒன்ன அம்மான்னு கூப்புட்டுகினு ஓடுவான். அப்பக்கூட வாய தொறக்கல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் குட்தா அவன் செத்துட்டான்னு வந்துடும், இல்ல?"

"வரலாம்."

"எனுக்கு அவன் ஒரு தபா போயாச்சி. ஒன் மடில போட்ட அன்னிக்கே. பால் கட்டிகினு மூணு நாளு ஜொரம். நீ வந்து எட்டிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அதை அவள் வைத்திருக்கிறாள். என் பட்டியல் மாதிரி அவளிடமும் ஒன்று இருக்கும் என்று எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

ஒரு நிபந்தனை போட்டாள். அவன்தான் என்றால், எலும்பை எடுத்துப் போகும்போது அவள் வாசலில் இறக்க வேண்டும். ஐந்து நிமிஷம்.

"சரி" என்றேன்.

"சத்தியமா?"

"போதும்டி. ஒரு சத்தியம் பண்ணி பட்டது போதும்."

பிப்ரவரி 10, திங்கள்

கா. 8 மணிக்கே ஸ்டேஷன். எஸ்.ஐ.யிடம் சொன்னேன். பேனாவை மேசைமேல் போட்டாள்.

"ஃபாரம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க பாட்டி. இது என்ன வெளையாட்டா? பெட்டிய ஏத்தியிருந்தா முடிஞ்சுது. உங்க கேசும் போச்சு, ஒரு கிட்டும் போச்சு."

திட்டட்டும். தலையைக் குனிந்துகொண்டேன். யாரிடமும் குனிந்ததில்லை. பிறகு மாணிக்கம் சொன்னதைச் சொன்னேன். அதை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டாள். நித்யா பஸ் ஸ்டாப்பில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்துவதாகச் சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அடுத்த ஃபைலைப் பிரித்தாள்.

புது ஃபாரம். ச.வின் போட்டோ. உறவு: அம்மா. நான் பக்கத்திலேயே நின்றேன். வெளியே போங்க என்று நர்ஸ் சொன்னாள். போகவில்லை.

வீட்டுக்கு வந்து கலாவிடம் சொன்னேன். துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்பு கையோடு அப்படியே.

"அப்ப அண்ணன் எனக்கு யாரு?"

"அண்ணன்தான்."

"நீ யாரும்மா அவனுக்கு?"

வாளியில் கிடந்த துணியை எடுத்து அலசினேன். ராத்திரி கலா சோறு மட்டும் போட்டு வைத்தாள்.

மார்ச் 20, வியாழன்

புழுக்கம். அனல் சாம்பலோடு காற்று. இத்தனை நாளாக எழுதவில்லை. எழுதினால் நடந்துவிடும் போல ஒரு பயம். நித்யா தினம் போய் வந்தாள், நான் தினம் வாசலில். மாணிக்கம் இரண்டு தடவை தெருவில் பைக்கில் போனான். வண்டியை நிறுத்தவில்லை, மெதுவாக ஓட்டினான்.

வேலையாக வருகிறாற்போல ச. வாரம் ஒரு தடவை வருகிறாள். இன்றைக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். உதிர்த்துக்கொண்டிருந்தோம். காம்போடு போடுகிறாள் என்று எரிச்சல்.

மூன்றரைக்கு எஸ்.ஐ.யிடமிருந்து ஃபோன். கலாதான் எடுத்தாள். உம், உம் என்று கேட்டாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. ச.வைப் பார்த்தாள்.

"மாணிக்கத்த புடிக்க ஜீப்பு கெளம்பிடுச்சாம்."

ச. கீரையைத் தள்ளிவிட்டு வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். முதல் அழுகை என்னுடையது. அதை அவளுக்கு விட முடியாது.